துளசிக்கு வரும் ஈ

ராஜபாளையத்திலிருந்து முடங்கியாறு ரோட்டில் மேற்கே போனால் ஊர் முடிகிற இடத்திலேயே மாந்தோப்புகள் தொடங்கிவிடும். வைகாசிக் காலை ஒன்றில் அங்கே ஒரு தோப்பில் நின்றிருந்தேன். சப்பட்டை மரங்களில் காய் முற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. தோப்புக்காரர் வீட்டு மாடத்திலிருந்து பறித்து வந்த துளசிக் கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் அதைப் போட்டு, கைக்கெட்டும் கிளையிடுக்கில் வைத்தார். "கொஞ்ச நேரம் பாருங்க அண்ணாச்சி" என்றார்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் ஒன்று வந்தது. வீட்டு ஈயின் அளவுதான், ஆனால் பார்வைக்குச் சின்னக் குளவி மாதிரி: முதுகில் இரண்டு மஞ்சள் கோடுகள், கண்ணாடி இறக்கை, இடுப்பு சிறுத்த பழுப்பு வயிறு. பிறகு நாலைந்து. அப்புறம் எண்ண முடியவில்லை. கசங்கிய இலையில் வாயை ஒற்றி ஒற்றி நக்கிக்கொண்டிருந்தன. விரலை அருகே கொண்டுபோனாலும் விலகவில்லை. ஒன்றைப் பிடித்து வயிற்று நுனியைக் காட்டினார் தோப்புக்காரர். பெண் ஈக்கு அங்கே ஊசி போன்ற ஒரு முனை இருக்கும். மாங்காய்த் தோலைத் துளைத்து முட்டை இடுவது அதை வைத்துத்தான். சிரட்டையில் கூடியிருந்த ஒன்றுக்கும் அந்த ஊசி இல்லை. அத்தனையும் ஆண்.

மாம்பழத்தைக் கெடுக்கிற ஈ துளசிக்கு ஏன் வருகிறது? வந்ததில் பெண் ஏன் ஒன்றுகூட இல்லை? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒரே மூலக்கூறில் இருக்கிறது. அந்த மூலக்கூறைச் சரியாகப் புரிந்துகொண்டால், மலையடிவாரத் தோப்புக்காரர்கள் பழ ஈயை எதிர்கொள்கிற முறையையே மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்தக் கட்டுரை.

முடங்கியாற்றுத் தோப்பிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தூரமில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். அங்கே ஆண்டாள் கோயிலை ஒட்டி நந்தவனம் இருக்கிறது. பெரியாழ்வார் பூப்பறித்து மாலை கட்டிய அந்தத் தோட்டத்தில், ஒரு துளசிச் செடியின் கீழ்தான் ஆண்டாளைக் குழந்தையாகக் கண்டெடுத்தார் என்பது மரபு. ஆழ்வார்களின் தமிழில் துளசிக்குப் பெயர் துழாய். ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்கும், சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில் எழுந்தருளும் அழகருக்கும் போகிறது. துளசி வாசம் இந்த ஊர்க்காரர்களுக்குப் பிறந்த நாள் முதல் பழக்கம். தீர்த்தத்தில், மாலையில், சளி பிடித்த குழந்தைக்குப் பிழியும் சாற்றில் என்று எங்கும் அதுதான்.

ஓர் இலையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் மேற்பரப்பில் மினுமினுக்கும் சிறு புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கை படாத துளசி அதிகம் மணக்காது, கசக்கினால்தான் மணக்கும். சுரப்பியின் மெல்லிய தோல் உடைந்து எண்ணெய் வெளியேறும் நேரம் அது. அந்த எண்ணெயில் பல பொருட்கள் கலந்திருக்கின்றன. பெரும்பாலான துளசி வகைகளில் முதன்மையாக இருப்பது யூஜினால். கிராம்பின் மணமும் இதேதான். உலர்ந்த கிராம்பு மொட்டின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் எண்ணெய், அந்த எண்ணெயில் பெரும்பங்கு யூஜினால். யூஜினால் என்ற பெயரே கிராம்பு மரத்தின் பழைய தாவரப் பெயரான யூஜீனியாவிலிருந்து வந்தது.

வேதியியலில் யூஜினாலை அரோமேட்டிக் சேர்மம் என்பார்கள். இந்தச் சொல் பலரைக் குழப்பியிருக்கிறது. மணப்பதெல்லாம் அரோமேட்டிக் அல்ல. சன்னிதியில் ஏற்றுகிற கற்பூரம் தெருமுனை வரை மணக்கும், ஆனால் அது அரோமேட்டிக் சேர்மம் இல்லை. தலைவலி மாத்திரையான ஆஸ்பிரினுக்குச் சொல்லும்படி மணம் கிடையாது, ஆனால் அது அரோமேட்டிக். ஆறு கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்கும் பென்சீன் வளையம் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கணக்கு. ஆனாலும் பெயர் வெறுமனே வந்துவிடவில்லை. முதலில் இந்த வகையில் ஆராயப்பட்டவை பிசின்களிலும் எண்ணெய்களிலும் கிடைத்த நறுமணப் பொருட்கள். பென்சீன் என்ற பெயரின் வேரில் சாம்பிராணி இருக்கிறது. சுமத்திரா, ஜாவா பக்கத்து மரப்பிசினை அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி', அதாவது ஜாவாச் சாம்பிராணி, என்றார்கள். அது ஐரோப்பிய வாய்களில் பென்சாயின் ஆயிற்று. பென்சாயினிலிருந்து கிடைத்தது பென்சாயிக் அமிலம். 1833இல் ஜெர்மானியரான மிட்ஷெர்லிக் அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காய்ச்சி வடித்த திரவத்துக்குப் பெயர் வைத்தபோது அந்தச் சாம்பிராணியின் பெயரே கூட வந்தது. அதே திரவத்தை மைக்கேல் ஃபாரடே 1825இலேயே விளக்கெரிக்கும் வாயுவின் கசடிலிருந்து பிரித்திருந்தார். அதன் உள்ளே வளையம் இருக்கிறது என்று கெக்குலே 1865இல் சொன்னார்.

யூஜினாலின் வளையத்தில் மூன்று இடங்களில் மூன்று தொங்கல்கள். ஒன்று, நுனியில் இரட்டைப் பிணைப்பு கொண்ட மூன்று கார்பன் வால். இன்னொன்று, ஆக்சிஜன் வழியாக ஒட்டிய மீத்தைல். மூன்றாவது, வெறும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில். கடைசி இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பார்வைக்கு நிறமற்ற அல்லது வெளிர் மஞ்சள் எண்ணெய், காற்றுப்பட்டு நாளாக ஆகப் பழுப்பேறும். 254 பாகை செல்சியஸில் கொதிக்கும். எண்ணெய் என்றாலே நீரில் மிதக்கும் என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்: ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயைத் தண்ணீரில் விட்டால் அடியில் போய் நிற்கும். அடர்த்தி தண்ணீரை விடக் கூடுதல்.

இதன் வேலைத்திறனில் பெரும்பகுதி அந்த ஹைட்ராக்சிலில்தான். சொத்தைப் பல்லில் கிராம்பை வைத்துக் கடித்தால் முதலில் சுரீரென்று எரியும், பிறகு மரத்துப்போகும். வலியைக் கடத்தும் நரம்பின் சோடிய வாயில்களை யூஜினால் மட்டுப்படுத்துவதே காரணம். பல் மருத்துவர் செய்கிற தற்காலிக அடைப்பில் இன்னும் நுட்பமான வேதியியல் நடக்கிறது. கண்ணாடித் தகட்டில் துத்தநாக ஆக்சைடுப் பொடியைக் கொட்டி, யூஜினாலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் குழைவு இறுகும். ஒவ்வொரு துத்தநாக அணுவையும் இரண்டு யூஜினால்கள், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டு ஆக்சிஜன்களாலும் நண்டுக் கொடுக்குபோலப் பற்றிக்கொள்கின்றன. வாயின் ஈரம் இந்த இறுக்கத்தைத் தடுப்பதில்லை, வேகப்படுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பல் மருத்துவர்கள் இதை விடாமல் வைத்திருக்க அதுவும் ஒரு காரணம். பல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறும் வாசம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அதே ஹைட்ராக்சில், இன்றைய வெள்ளை ரெசின் அடைப்புகள் கெட்டியாவதைக் கெடுத்துவிடும். அதனால் ரெசின் வைக்கப்போகிற பல்லில் யூஜினாலைத் தவிர்ப்பார்கள்.

யூஜினாலின் வாலில் உள்ள இரட்டைப் பிணைப்பைக் காரத்தில் சூடாக்கி நகர்த்தி, பிறகு ஆக்சிஜனேற்றினால் வெனிலின் கிடைக்கும். ஒரு காலத்தில் செயற்கை வெனிலா இப்படித்தான் கிராம்பு எண்ணெயிலிருந்து வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு அது எப்போதும் தேவைப்பட்டதில்லை. பாலும் சர்க்கரையும் சட்டியில் சுண்டும்போது பிறக்கிற மணமே அதற்குப் போதும்.

இனி சிரட்டைக்குத் திரும்பலாம். ஈயைக் கூப்பிட்டது யூஜினால் அல்ல, அதன் உடன்பிறப்பு. ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜனை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு மீத்தைலை வைத்தால் மீத்தைல் யூஜினால். மூலக்கூறின் எடை 164இலிருந்து 178 ஆகிறது. கூடுவது வெறும் 14. ஆனால் ஹைட்ராக்சில் போனதும் கொடுக்கு போய்விடுகிறது. மீத்தைல் யூஜினாலை வைத்துப் பல்லடைப்பு செய்ய முடியாது, துத்தநாகத்தை அது பற்றாது. மணமும் கிராம்பின் காரம் குறைந்து மெலிந்துவிடும். துளசிச் செடி இந்த மாற்றத்தைத் தன் சுரப்பிக்குள்ளேயே, சாதாரண வெயில் சூட்டில், ஒரு நொதியை வைத்துச் செய்துகொள்கிறது. எல்லாத் துளசியும் ஒரே அளவில் செய்வதில்லை. சில வகைகளில் யூஜினால் மேலோங்கும், சிலவற்றில் மீத்தைல் யூஜினால். வணிகத்துக்குத் தேவையானதைத் தொழிற்சாலைகள் கிராம்பு எண்ணெயின் யூஜினாலிலிருந்து தயாரிக்கின்றன. நம் கன்னியாகுமரி மலைத்தோட்டங்களில் விளைந்து புவிசார் குறியீடு பெற்றிருக்கும் கிராம்பிலும் இருப்பது இதே யூஜினால்தான்.

இந்த ஈர்ப்பை அறிவியல் கண்டுகொண்ட இடமும் இந்தியா என்பதைத் தோப்புக்காரரிடம் சொன்னபோது அவருக்கு ஆச்சரியம். பீகாரில் பூசா என்ற ஊரில் அன்றைய இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொசுவை விரட்டச் சிட்ரோனெல்லா எண்ணெய் பயன்படுத்தியவரைச் சுற்றிப் பழ ஈக்கள் மொய்த்ததை அங்கே பூச்சியியலாளராக இருந்த ஹௌலெட் கவனித்தார். வந்தவை ஆண் ஈக்கள் மட்டுமே. 1912இல் அதை எழுதினார். எண்ணெயில் இருக்கும் பொருட்களைப் பிரித்துப் பிரித்து ஈக்களின் முன் வைத்துப் பார்த்து, இழுப்பது மீத்தைல் யூஜினால் என்று 1915இல் அறிவித்தார். கொசுவை விரட்ட வாங்கிய எண்ணெய் ஈயை அழைத்ததை எரிச்சலோடு துடைத்தெறியாமல் 'ஏன் ஆண் மட்டும்' என்று கேட்ட அந்த மனதுக்கு நம் தோப்புகள் கடன்பட்டிருக்கின்றன.

ஏன் ஆண் மட்டும் என்பதற்கு விடை கிடைக்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. ஆண் ஈ மீத்தைல் யூஜினாலைப் பசிக்காக நக்குவதில்லை. விழுங்கியதை உடலுக்குள் வேறு இரண்டு மணப்பொருட்களாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேமித்து வைக்கிறது. பழ ஈக்கள் கூடுகிற நேரம் அந்திப் பொழுது. அப்போது இறக்கையை அதிரவைத்து அந்த மணத்தைக் காற்றில் விடுகிறது. அது பெண்ணுக்கான அழைப்பு. மீத்தைல் யூஜினால் தின்ற ஆணைத்தான் பெண் அதிகம் தேர்கிறது. மலேசியக் காடுகளின் சில பல்போஃபில்லம் ஆர்க்கிட்கள் இதை அறிந்ததுபோல நடந்துகொள்கின்றன. பூவில் மீத்தைல் யூஜினாலைச் சுரந்து, வருகிற ஆண் ஈயின் முதுகில் மகரந்தத்தை ஏற்றி அனுப்புகின்றன. ஈக்குச் சீதனம், பூவுக்கு மகரந்தச் சேர்க்கை.

இதிலிருந்து தோப்புக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. ஈயைத் திசைதிருப்புவதாக நினைத்துத் தோப்பைச் சுற்றித் துளசியை நட்டு அப்படியே விட்டுவிடுவதில் பயனில்லை. இலையை நக்கிவிட்டுப் போகிற ஆண் முன்னைவிடத் தகுதியான மாப்பிள்ளையாகத் திரும்பும். வந்த ஈ திரும்பக் கூடாது. கேரளத்தில் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் துளசிப் பொறியில் கசக்கிய இலையோடு வெல்லமும் கொஞ்சம் பூச்சிமருந்தும் சேர்ப்பது அதனால்தான். நம் பக்கத்தில் இனக்கவர்ச்சிப் பொறி என்ற பெயரில் கிடைப்பது இதன் அடுத்த படி. டப்பாவுக்குள் ஒரு மரத்துண்டு, அதில் ஊறியிருப்பது மீத்தைல் யூஜினாலும் மருந்தும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் எளிய முறையில் 1 சதவீத மீத்தைல் யூஜினாலோடு 0.1 சதவீத மாலத்தியான் கலந்த கரைசலைப் பொறிக்கு 10 மில்லி வீதம் எடுத்து, ஒரு ஹெக்டேரில் 25 இடங்களில் காலை 6 முதல் 8 மணிக்குள் வைக்கச் சொல்கிறார்கள். மருந்து பொறிக்குள்ளேயே நிற்கிறது. காயில் படுவதில்லை. மரம் முழுக்க அடிக்கிற மருந்தோடு ஒப்பிட்டால் இது சில சொட்டுகள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாகலையும் புடலையையும் துளைக்கிற ஈ வேறு இனம். மீத்தைல் யூஜினால் அதை இழுக்காது. அதற்குக் க்யூலூர் என்ற வேறொரு பொருள், அதுவும் பென்சீன் வளையம் கொண்டதுதான். மாம்பொறியைப் பந்தலில் கட்டிவிட்டு 'பொறி வேலை செய்யவில்லை' என்று கைவிட்டவர்கள் உண்டு.

ஈ செய்கிற சேதம் வெளியே தெரியாது என்பதுதான் கொடுமை. முற்றின காயில் குண்டூசி குத்தின மாதிரி ஒரு புள்ளி. அவ்வளவுதான். உள்ளே முட்டை பொரிந்து புழு சதையைத் தின்ன ஆரம்பித்திருக்கும். பழுக்க வைத்து அறுத்தால் நடுவில் கூழும் நெளிவும். கனிந்து விழுந்த பழத்திலிருந்து புழு வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாக எழும். விழுந்த பழத்தைப் பொறுக்கி ஆழக் குழி வெட்டிப் புதைக்காத தோப்பில் எத்தனை பொறி கட்டினாலும் பாதிப் பலன்தான். இந்தியப் பழங்களில் பழ ஈயைத் திரும்பத் திரும்பக் கண்டதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே மாதம் இந்திய மாம்பழத்தைத் தடை செய்தது. 2015 ஜனவரியில் தடை நீங்கியது. இப்போது ஏற்றுமதிப் பழத்தை 48 பாகை வெந்நீரில் ஒரு மணி நேரம் முக்கி எடுக்கிறார்கள். உள்ளூர்ச் சந்தைக்குப் போகிற சப்பட்டைக்கு அந்த வசதி இல்லை. தோப்பிலேயே தடுத்தால்தான் உண்டு.

பிரச்சினை பொறியில் இல்லை, பொறியை நாம் கட்டுகிற விதத்தில் இருக்கிறது. இது பிடிப்பது ஆணை மட்டும். ஓர் ஆண் பல பெண்களோடு கூடக்கூடியது. பத்தில் எட்டு ஆணைப் பிடித்தாலும் மிச்சம் இரண்டு போதும், பெண்கள் பெரும்பாலும் கருவுற்றுவிடும். கருவுற்ற பெண்ணைப் பொறி சீண்டுவதுகூட இல்லை. இதோடு இன்னொன்று. காற்று சாதகமாக இருந்தால் அரை மைல் தொலைவிலிருந்தும் ஆண் ஈ இந்த மணத்தைத் தேடி வரும் என்று ஹவாயில் ஆராய்ந்த ஸ்டைனர் 1950களில் கண்டார். ஒருவர் தோப்பில் மட்டும் பொறி கட்டினால் சுற்றியுள்ள தோப்புகளின் ஆண்களெல்லாம் அங்கே வரும். டப்பா நிறையும், பார்க்க மனநிறைவாக இருக்கும். ஆனால் அக்கம்பக்கத்துத் தோப்புகளில் அதற்கு முன்பே கருவுற்ற பெண்கள் வரப்பைத் தாண்டி வந்து முட்டை இட்டுவிட்டுப் போகும். டப்பாவில் கிடக்கும் ஈயை எண்ணி வெற்றியை அளக்கிற வழக்கம் நம்மை ஏமாற்றுகிறது. அறுத்துப் பார்க்கிற பழத்தில் புழு எத்தனை என்பதே அளவு.

மொத்த நிலப்பரப்பையும் ஒன்றாக எடுத்துக்கொண்ட இடங்களில் இந்த மூலக்கூறு செய்த வேலை பெரிது. 1960களின் தொடக்கத்தில் பசிபிக்கில் குவாமுக்கு அருகே இருக்கும் ரோட்டா தீவில், மீத்தைல் யூஜினாலும் 3 சதவீத நாலெட் மருந்தும் ஊறிய சிறு அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவினார்கள். ஸ்டைனரும் அவர் குழுவினரும் அந்தத் தீவிலிருந்து பழ ஈயை அடியோடு ஒழித்தார்கள். ஜப்பான் தன் தென்மேற்குத் தீவுகளில் பல ஆண்டுகள் பாடுபட்டு 1986க்குள் இதையே செய்து முடித்தது.

ராஜபாளையம் தீவு அல்ல. மேற்கே மலை, 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். காட்டில் பழுக்கிற பழங்களிலும் ஈ வாழும், அங்கே நாம் கை வைக்கக் கூடாது, வைக்கவும் தேவையில்லை. ஆகவே அடியோடு ஒழிப்பது இங்கே நடக்காது. ஆனால் சேத்தூர், தேவதானம் பக்கத்திலிருந்து முடங்கியாறு வழியாகச் செண்பகத்தோப்பு வரை அடிவாரத் தோப்புகள் எல்லாம் ஒரே வாரத்தில், காய் முற்றுவதற்கு முன்பே பொறி கட்டினால் ஈயின் எண்ணிக்கையை வெகுவாக அமுக்கிவிட முடியும். கண்மாய்க்கும் மடைக்கும் ஊர்கூடி முறை வைத்துப் பழகிய மக்கள் நாம். ஈக்கும் அப்படி ஒரு முறை வைக்கலாம்.

மீத்தைல் யூஜினாலைக் கையாள்வதில் கவனமும் வேண்டும். எலிகளிலும் சுண்டெலிகளிலும் இது கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்கியது. அமெரிக்கா 2018இல் செயற்கை மீத்தைல் யூஜினாலை உணவு மணமூட்டிப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2023இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்க வாய்ப்புள்ளவற்றின் 2ஏ பிரிவுக்கு உயர்த்தியது. எவ்வளவு உட்கொண்டால் தீங்கு என்பதை இந்தப் பிரிவு சொல்லாது, தீங்கு செய்யும் தன்மை உண்டா என்பதைத்தான் சொல்லும். தீர்த்தத்தில் மிதக்கும் ஓரிரு இலையையும், செறிவூட்டிய துளசிச் சாற்றை நாள்தோறும் மருந்தாக விழுங்குவதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் 'இயற்கையானது, ஒன்றும் செய்யாது' என்று விற்கிற செறிவுச் சாறுகளைக் கேள்வி கேட்காமல் வாங்குவது தவறு. பொறிக்கட்டையை வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் கட்ட வேண்டும். பழைய கட்டையை வாய்க்காலில் எறியவும் கூடாது.

அன்று காலை கிளம்புமுன் தோப்புக்காரர் சிரட்டையைக் கீழே இறக்கினார். ஈக்கள் அப்போதும் விலகவில்லை. ஒரு ஈரத்துணியைச் சட்டென்று மேலே போட்டு மூடி, துணியோடு சேர்த்து வாளித் தண்ணீரில் அமுக்கினார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வேலி ஓரமாகப் போய், பக்கத்துத் தோப்பில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரைக் குரல் கொடுத்து அழைத்தார். "மாமா, வர்ற பங்குனியில நான் பொறி கட்டுற அன்னைக்கே நீங்களும் கட்டுவீங்களா? உங்க டப்பாவுக்கும் சேர்த்து நானே வாங்கிட்டு வந்துர்றேன்."

மண்வெட்டியை மடையில் ஊன்றிவிட்டு, என்ன ஏது என்று கேட்க அவர் வேலியை நோக்கி நடந்து வந்தார்.